மீனுக்கு ஒரு மாத்திரை டப்பா

அப்பா என்னை வாரத்தில் ஒரு நாள்தான் அடையாளம் கண்டுகொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலை, மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும்போது. மற்ற ஆறு நாளும் நான் அவருக்கு யாரோ ஒருத்தி. சில நாள் நர்ஸ், சில நாள் செத்துப்போன அத்தை. இதற்கெல்லாம் வருத்தப்படக் கூடாது என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அப்பா மின்கம்பம் ஏறி வேலை பார்த்தவர். தொட்டியில் கைவைக்குமுன் மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் சட்டைக்கையை மடிப்பார். குழாயை வாயில் வைத்து ஒரே இழுப்பு; அடியில் கிடக்கும் கசடெல்லாம் வாளிக்கு வந்துவிடும். கால்வாசி இறக்கியதும் நிறுத்துவார். முதல் நாளே பிடித்துவைத்த தண்ணீரை நான் தூக்கிக்கொண்டு வந்தால், "ஏய் வாயாடி, மெதுவா ஊத்து. மீனுக்கு மயக்கம் வந்துடும்" என்பார். அந்த ஒரு 'வாயாடி'க்காகத்தான் தொட்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். அது போனால் நானும் போனேன்.

வினை தீனியில் வந்தது. தீனி போடுவார், போட்டதை மறப்பார், மறுபடி போடுவார். தண்ணீர் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது; மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. தீனியை ஒளித்துவைத்தால் வீடு இரண்டுபட்டது.

"யாரும்மா நீ? என் மீனப் பட்டினி போட நீ யாரு?"

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். புத்தி அந்த வழியில்தான் போகும். அப்பாவின் மாத்திரைகளை நாளுக்கு மூன்று வேளை என்று அறை அறையாகப் பிரித்த டப்பாவில்தான் போட்டு வைப்பேன். அதே மாதிரி இன்னொன்று வாங்கி, வேளைக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டு, தொட்டி பக்கத்தில் வைத்தேன். அறை காலியென்றால் மீன் சாப்பிட்டாயிற்று. மூன்று வாரம் பிசகாமல் ஓடியது. தண்ணீர் தெளிந்தது. கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய டப்பாவில் காலையில்தான் நிரப்பிவைத்த ஒரு வாரத்து மாத்திரையும் காணோம். விழுங்கிவிட்டாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் மற்ற டப்பாவைப் பார்த்தேன். தீனி அப்படியே இருந்தது. தொட்டியின் கூழாங்கற்களில் மாத்திரைகள் கரைந்து கிடந்தன. ஆறு ஏஞ்சல் மீன்களும் பக்கவாட்டில் மிதந்தன. இரண்டு டப்பாவும் ஒரே நிறம். வேறு நிறத்தில் வாங்கவேண்டும் என்கிற அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று. பாவி, நான்தான் கொன்றேன்.

அழ நேரமில்லை. விடிந்தால் ஞாயிறு. தொட்டியைக் கழுவிவிட்டு மீன் கடைக்கு ஓடினேன்.

"புதுத் தண்ணில உடனே மீன் விடக்கூடாதும்மா. ஒரு மாசமாவது மோட்டார் ஓடணும்" என்றார் கடைக்காரர்.

"ஒரு மாசமெல்லாம் எங்கிட்ட இல்லண்ணே. நாளைக்குக் காலை வரைக்கும்தான்."

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். புதுத் தண்ணீர் சீக்கிரம் பக்குவப்படத் தன் தொட்டியின் ஃபில்டரிலிருந்து பழைய பஞ்சைப் பிடுங்கி, கடைப் பெயர் எழுதிய வாளி ஒன்றில் பழைய தண்ணீரும் தந்தார். அளவும் நிறமும் பார்த்து ஆறு மீன்களை நானே பொறுக்கினேன். மாலையில் எழுந்த அப்பா தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

காலையில் பிளக்கைப் பிடுங்கினார். சட்டைக்கையை மடித்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இது நம்ம மீன் இல்லியே."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கே வித்தியாசம் தெரியாத மீனை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்! அப்படியென்றால் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. திட்டட்டும், ஓர் அறைகூட விடட்டும். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், கசடு பிடிக்க நான் கையில் வைத்திருந்த வாளியின்மேல் இருந்த கடைப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்.

"மீன் கடைலேர்ந்து வந்திருக்கீங்களா? பழசெல்லாம் செத்துப்போச்சா?"

தலையாட்டினேன். அவர் கண் கலங்கியது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சின்னப் புள்ள, தாங்க மாட்டா. இதுதான் பழைய மீனுன்னு நானே எதாவது சொல்லிக்கிறேன்."

"சொல்ல மாட்டேன் சார்" என்றேன்.

வாசல்வரை மரியாதையாகக் கூடவே வந்தார். "ரொம்ப நன்றிம்மா, பாத்துப் போங்க" என்று கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டார். காலி வாளியோடு படியில் நின்றேன். மணியடித்தால் யாரென்று கேட்பார். அந்தப் பயத்தில் மணிமேல் வைத்த விரலை அழுத்தாமலே நின்றுகொண்டிருந்தேன்.