மேற்கு ஜன்னல் வைத்த ஓட்டல்

ஜெயினுலாபுதீன் பேச்சில் சளைத்தவரில்லை. செங்கல்பட்டுத் தோல் மண்டியில் ஓட்டை விழுந்த தோலைக்கூடப் பேசியே தலையில் கட்டிவிடுவார். ஆனால் புதுப்பட்டினத்தில் தன் வீட்டுப் படி ஏறினால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். "எங்கியாவது வெளியூர் போய்ட்டு வரலாம்" என்று மனைவி சம்சாத் பேகத்திடம் ஒரு வார்த்தை சொல்ல அந்த மனுஷனுக்குத் துணிச்சல் வரவில்லை.

காரணம் இருந்தது. ஒரே மகள் சுராயா காய்ச்சலில் போய் மூன்று வருஷமாகிறது. பள்ளிவாசலுக்குப் பின்னால், பனைமரங்களுக்கு நடுவே கபரஸ்தானில் இருக்கிறாள். பெண்கள் அங்கே போகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. வீட்டின் மேற்கு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் பனைகள் தெரியும். மக்காவை நோக்கித் தொழுகிற திசையான கிப்லாவும் மேற்குதான். ஆகவே ஐந்து வேளையும் சம்சாத் அந்த ஜன்னலுக்கு எதிரே பாய் விரித்துத் தொழுவாள். முடித்து, மகளுக்காகக் கையேந்துவாள். அதற்கப்புறமும் எழுந்திருக்க மாட்டாள். கல்யாணம், சுன்னத்து எதற்கும் போவதில்லை. அவர் துணிந்து ஒரே ஒரு தடவை ஹஜ்ஜுக்குக் கூப்பிட்டபோதுகூட "இப்ப வாணாங்க" என்று சொல்லிவிட்டாள். இப்படி உட்கார்ந்தே இவளும் போய்விடுவாளோ என்று அவருக்குப் பயம்.

அந்தச் சமயத்தில்தான் இத்தாலிக்காரன் வந்தான். வருஷா வருஷம் தோல் வாங்க வருகிறவன், மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டலில் தங்குவான். இந்தத் தடவை வறுத்த மீனைத் தின்றுகொண்டே, நீயும் உன் மனைவியும் பத்து நாள் இத்தாலிக்கு என் விருந்தாளியாக வரவேண்டும், மறுக்கக் கூடாது என்று சொல்லி இரண்டு வழவழப்பான புத்தகங்களை நீட்டினான். ஒரே ஏரி. எதிரெதிர்க் கரையில் இரண்டு பெரிய ஓட்டல்கள். எது பிடிக்கிறதோ அதில் அறை.

ஜெயினுலாபுதீன் இரண்டையும் கொண்டுவந்து சம்சாத் முன்னால் வைத்துவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைப் புரட்டினாள். அப்புறம் இன்னொன்று. அடேயப்பா, அவளிடம் அந்த ஆவலைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

பிறகு சாயங்காலந்தோறும் இதே வேலை. மேற்குக் கரை ஓட்டலில்தான் அவருக்குக் கண். சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி, எலுமிச்சைத் தோட்டம், சொந்தப் படகு. கிழக்குக் கரை ஓட்டலில் பளிங்குப் படிக்கட்டும், பாட்டுக் கச்சேரியும், குழாயெல்லாம் தங்க நிறமும். சம்சாத்தின் கணக்கே வேறு. கக்கூசில் தண்ணீர் உண்டா என்று கேட்டாள். அவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் தேடினார். இத்தனை தங்கக் குழாய் வைத்தவனுக்கு ஒரு சொம்பு வைக்கத் தோன்றவில்லை. சரி, சொம்பைக் கையோடு எடுத்துப் போகலாம், கூடவே உப்புக்கண்டமும் வறுத்துக்கொள்ளலாம் என்று அவளே முடிவு செய்தாள். எடுத்துப் போகலாம் என்றாளே, அந்த ஒரு சொல்லுக்கே அவர் உச்சி குளிர்ந்துவிட்டது.

கடைசியில் ஒன்று கேட்டாள்.

"இன்னாங்க, இந்த ரூமு ஜன்னலு எந்தப் பக்கம் பாத்து கீது?"

கிழக்குக் கரை ஓட்டலில் எல்லா அறையிலிருந்தும் ஏரிமேல் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. மேற்குக் கரை ஓட்டலிலிருந்தோ உதிப்பதைத்தான் பார்க்க முடியும். மேற்கு ஜன்னல் என்றதும் சம்சாத் அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிங்கக்கால் தொட்டி போனால் போகட்டும் என்று அவர் மறுநாளே மண்டிக் கணக்குப்பிள்ளை பன்னீர்செல்வத்தை விட்டுத் தந்தி கொடுத்தார்.

டிக்கெட் வந்தது. அதை வைத்திருந்த அட்டை உறையின் உட்பக்கத்தில் விமானம் போகும் வழியைப் படமாகப் போட்டிருந்தது. அன்று அஸர் தொழுதுவிட்டுச் சம்சாத் பாயில் இருந்தபடியே அதை வாங்கிப் பார்த்தாள். அவர் பக்கத்தில் குந்தி, மெட்ராஸ், பம்பாய் என்று விரலை ஓட்டிக் காட்டினார்.

"மக்கா எங்க?"

ஜித்தா என்று போட்டிருந்த புள்ளிக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். அவள் கோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ப்ளேனு அதையும் தாண்டிப் போவுதே. அப்ப மக்கா நமக்குப் பின்னால இல்ல பூடும்?"

ஜெயினுலாபுதீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து கிப்லா என்றால் மேற்கு. இத்தனை வருஷம் அந்த நாட்டுக்குத் தோல் அனுப்பியும், அங்கே போனால் அது மாறும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தோல் மண்டிக்காரரின் சாமர்த்தியம் அவ்வளவுதான். ஜன்னலுக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்த ஓட்டல், மக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

போச்சு, இனி வரமாட்டாள். அவர் உளற ஆரம்பித்தார். சுவரைப் பார்த்துத் தொழுதால் என்ன, கட்டிலை நகர்த்திப் போடச் சொல்லலாம், இல்லையென்றால் ஐந்து நாளில் திரும்பிவிடலாம் என்று என்னென்னவோ சொன்னார். அவள் காதிலேயே வாங்கவில்லை. இத்தாலியில் விரலை வைத்து மெல்லப் பின்னால் இழுத்தாள். விரல் தென்கிழக்காக வந்து மக்காவைத் தொட்டது. அங்கே நிற்காமல் கடலைத் தாண்டி வந்து, மெட்ராசுக்குக் கீழே நின்றது.

"இங்கதான நம்ப ஊரு?"

"ஆமா சம்சாத்து."

"அப்ப அங்கேருந்து கிப்லாவப் பாத்து உக்காந்தா, மக்காவும் அந்தப் பக்கம். எம் பொண்ணும் அந்தப் பக்கம்."

அவர் தலையை ஆட்டினார்.

"அந்த எலுமிச்சந்தோட்டத்து ஓட்டலு ஜன்னலு கிழக்கப் பாத்து கீதுன்னீங்களே. அதையே போடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு எழுந்தாள். மூன்று வருஷமாக ஜன்னலடியை விட்டு அகலாத பாயைச் சுருட்டி, உதறி, டிரங்குப் பெட்டியில் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பாய் கிடந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. ஜெயினுலாபுதீன் பனைமரங்களைப் பார்ப்பவர்போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதார்.