புடவையின் உட்புறம்

அழுவதே குற்றமான ஒரு தேசத்தைப் பற்றி ரமாமணி எழுதிய நாவலை, அவள் கணவர் பாச்சா மும்முறை மெய்ப்புத் திருத்தியிருந்தார். ஆயினும் காஞ்சிபுரத்தில் நடந்த அறிமுகக் கூட்டத்தில், ஐயம்பேட்டை நெசவாளர் மாணிக்கவேல்தான் அதைச் சொன்னார்.

"அறுந்த இழைய முடிச்சி போட்டா, அது புடவையோட உள்பக்கத்துலதான் தெரியும். கதையில அந்தப் பொண்ணு புடவையில தெனம் ஒரு முடிச்சி போட்டுக்கினே சிரிக்கிறா பாருங்க, அந்த முடிச்சிதாம்மா அவ அழுகை."

ரமாமணியின் முகம் மலர்ந்தது. தமக்கென்று ஒருநாளும் மலர்ந்திராத அம்முகத்தைக் கண்டு பாச்சாவுக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "தறிக்காரனுக்குப் புரிஞ்சது எனக்குப் புரியலேன்னு பூரிப்போ?"

"அப்படியில்லே. ஒருத்தராவது புடவையைத் திருப்பிப் பார்த்தாரேன்னுதான்."

"அது கதையில வர்றவளோட துக்கம்தானே?"

ரமாமணி அழகாகச் சிரித்து, "காபி கலக்கட்டுமா?" என்றாள்.