வராத ஒன்பது கோடி

சென்னையிலிருந்து வந்த காலாண்டு அறிக்கையைக் கணக்கர் சாமித்துரை இரண்டு தடவை தனக்குள் படித்துவிட்டு, மூன்றாவது தடவை ஜானகியம்மாளுக்குக் கேட்கும்படி படித்தார். அவளுடைய கடலைமிட்டாய்க் கம்பெனியின் இன்றைய மதிப்பு நாற்பத்திரண்டு கோடி ரூபாயாம். அங்கே அடுப்புப் பற்றவைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. வெல்லம் வாங்கக் காசில்லை.

"சாமித்துரை, வேற எவன் கம்பெனியவாவது படிக்கியா?"

"இல்லக்கா. நம்ம பேருதான் போட்டிருக்கு."

இரண்டு வருடத்துக்கு முன்னால், இந்த அறிக்கையை அனுப்பிய முதலீட்டு நிறுவனத்திலிருந்து கார்த்திகேசன் என்ற பையன் வந்தான். தங்களுடையது நானூறு கோடி நிதி என்றான். பன்னிரண்டு கோடி போடுகிறோம், பாதிப் பங்கு எங்களுக்கு என்றான். பத்தாம் நாள் மூன்று கோடி வந்து விழுந்தது.

அங்கேதான் ஜானகியம்மாள் சறுக்கினாள். முப்பது வருடம் கோவில்பட்டிக் கமிஷன் கடைகளில் கடலை எடுத்தவள் அவள். அங்கே அச்சாரம் கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும் மீதி வந்தே தீரும். தராதவர் மறுநாள் எந்தக் கடைவாசலிலும் போய் நிற்க முடியாது. அந்த மூன்று கோடியையும் அவள் அச்சாரமாகவே எடுத்துக்கொண்டாள். மீதி ஒன்பது கோடி 'நிதியில் இருப்பு இருந்தால் மட்டும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததை வக்கீல் சொல்லத்தான் செய்தார். "அச்சாரம் கொடுத்த ஆளு ஓடியா போவாரு?" என்று அவரையே கேலி செய்தாள். பசுவந்தனை ரோட்டில் வாடகை நிலத்தில் புது ஷெட் போட்டாள், மிஷினுக்கு ஆர்டர் கொடுத்தாள். பணம் வரும்வரை சமாளிக்க, வீட்டை அடமானம் வைத்துத் தன் பெயரில் ஒன்றரைக் கோடி கடன் வாங்கி அதிலேயே கொட்டினாள். பங்குனிக்குள் அடைக்காவிட்டால் வீடு பேங்குக்குப் போய்விடும்.

அறிக்கை வந்த மறுவாரம் கார்த்திகேசனே நேரில் வந்தான். ஓட்டப்பிடாரத்துப் பையன், நல்ல பிள்ளை. அதுதான் எரிச்சல், மனம்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை.

"நானூறு கோடி இருக்குன்னியே தம்பி, எங்க போச்சு?"

"கையில இருக்குத பணம் இல்லம்மா அது. போடுதோம்னு பெரிய ஆளுக எழுதிக் கொடுத்த தொகை. தேவைப்படும்போது கேட்டு வாங்குவோம். இதுவரைக்கும் வாங்கினது நூத்திப்பத்துதான், அதையும் அங்கங்க போட்டாச்சு. இப்ப கேட்டா கையை விரிக்காவ."

"எழுதிக் கொடுத்ததையா இருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதீய?"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுதாவ."

"சரி, இந்த நாப்பத்திரண்டு?"

"அது நாங்க போட்ட கணக்கு. வடக்க ஒரு மிட்டாய்க் கம்பெனி வித்த விலைய வச்சு, உங்க பழைய விற்பனையப் பெருக்கிப் பாத்தது. அடுத்த நிதி திரட்டணும்லா, மதிப்பு ஏறியிருக்குன்னு காட்டணும்."

ஜானகியம்மாளுக்குச் சட்டென்று உயிர் வந்தது. வியாபாரி புத்தி எங்கே போகும்?

"அப்ப எம் பங்கை நீங்களே எடுத்துக்கோங்க. அந்த விலை வேண்டாம், பாதி கொடுங்க. கால்வாசி கொடுத்தாலும் சரி."

கார்த்திகேசன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்த விலைக்கு வாங்க ஆள் கிடையாதும்மா."

பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். பெங்களூர்க் கம்பெனி ஒன்று ஐந்து கோடிக்குக் கேட்கிறதாம், மிட்டாய்ப் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் அவள் பெயரையும் சேர்த்து. அதில் நிதிக்காரர்கள் போட்ட மூன்று கோடி வட்டியோடு நாலாக முதலில் போகும். மிஷின்காரன் பாக்கிக்கும் மிட்டாய் போடும் பெண்களின் இரண்டு மாதக் கூலிக்கும் மிச்சம் சரியாக இருக்கும்.

"எனக்கு?"

"நீங்க கடைசி வரிசைம்மா. அங்கன வரதுக்குள்ள தீந்துரும். ஒப்பந்தப்படி நீங்க சம்மதிக்காட்டியும் நாங்க விக்கலாம். கையெழுத்துப் போட்டா கூலியாவது இந்த வாரமே வந்துரும்."

ஜானகியம்மாள் காகிதத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். "உங்களுக்கு இதுல எவ்வளவு நட்டம்?"

"நட்டம் இல்லம்மா. மூணு போட்டோம், நாலு திரும்புது. அறிக்கையில லாபம்னுதான் வரும்."

"எம் வீடு? அது எந்தப் பக்கத்துல வரும்?"

"அது உங்க சொந்தக் கடன்லா. எங்க கணக்குல வராது."

முற்றத்தில் முப்பத்தாறு பெண்கள் வேலை இருக்கிறதா என்று கேட்கக் காத்திருந்தார்கள். அவர்களை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ஜானகியம்மாள் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே முகவரி கேட்டிருந்தது. பேனா அங்கேயே நின்றது.

"சாமித்துரை, பங்குனிக்கு அப்புறம் நான் எங்கன இருப்பேன்? என்னத்த எழுத?"

கார்த்திகேசன்தான் மெதுவாகச் சொன்னான், அந்த இடத்தைச் சும்மா விட்டாலும் செல்லும் என்று.