விளிம்பில் பட்ட பந்து

தங்கச்சி சர்வீஸ் போட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பந்து விரித்த உள்ளங்கையில் அசையாமல் இருக்க வேண்டும். அங்கிருந்து வலை உயரத்துக்காவது நேராக எழும்பி, இறங்கும்போதுதான் மட்டையில் படலாம். அவளோ விரல்களுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, அவசரமாகத் தட்டிவிட்டாள். டேபிள் டென்னிஸ் போட்டிகளுக்கு நடுவராகப் போய்ப் போய் எனக்கு இது ஒரு வியாதி. வீட்டில் எனக்குப் பட்டப்பெயரே ‘ஃபால்ட்டு’.

தங்கச்சியும் மாப்பிள்ளையும் குடியிருந்த கட்டடத்தின் கீழே, வண்டிகள் நிற்கும் தளத்தின் மூலையில் அந்த அறை. ஒரு மேசை, ஒரு டியூப்லைட், ஒரு பெஞ்சு. ஒரு வருடமாக இருவரும் எங்கள் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை என்று நான்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன். வந்ததிலிருந்து அவளோடு தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவள் டீ போடப் போனால் மாப்பிள்ளையும் கூடவே அடுப்படிக்குப் போனார். பிறகு, “வாங்க மச்சான், கீழ போய் ஒரு கேம் போடுவோம். நீங்களே அம்பயர்” என்றார். எவ்வளவு கலகலப்பான மனுஷன் என்று அப்போதும் நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

“ஃபால்ட். கையை நல்லா விரிச்சு வை.”

“விடுண்ணா.”

“அதெப்படி? ரூல்னா ரூல்தானே.”

அவள் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். கடைசி இரண்டு விரல்கள் நிமிரவில்லை. மடங்கியபடியே எலும்பு கூடி இறுகிப்போயிருந்தன.

“என்னாச்சு?”

“கதவுல நசுங்கிடுச்சுண்ணா” என்று அவளும், “மாடிப்படியில விழுந்துட்டா மச்சான்” என்று அவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஆட்டக்காரருக்கு உடம்பில் குறை இருந்தால் நடுவர் இந்த விதியைத் தளர்த்தலாம். எத்தனையோ முறை படித்த வரிதான். என் தங்கச்சிக்காக அதைச் சொல்ல வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

“பரவால்ல. உனக்கு எப்படி வருதோ அப்படியே போடு” என்றேன்.

அதுவரை ஏனோதானோவென்று தோற்றுக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு அடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் மாப்பிள்ளையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பத்துக்குப் பத்து ஆனது. பதினொன்றை முதலில் தொட்டால் மட்டும் இனிப் போதாது, யாராவது இரண்டு புள்ளி முந்த வேண்டும். முந்தினால் ஆட்டம் முடியும். ஆட்டம் முடிந்தால் நான் பஸ் ஏற வேண்டும். அவளுக்குப் பதினொன்று, அவருக்குப் பத்து. சர்வீஸ் அவளுடையது.

அவர் வேகமாகத் திருப்பியதை அவள் இன்னும் வேகமாகத் திருப்பினாள். பந்து அவர் பக்கத்து ஓரத்தை உரசிக்கொண்டு கீழே பாய்ந்தது.

“சைடு!” என்றார் அவர்.

மேசையின் பக்கவாட்டில் பட்டால் செல்லாது. மேல் விளிம்பில் பட்டால் செல்லும். விளிம்பில்தான் பட்டது, என் கண்ணால் பார்த்தேன். அவள் ஜெயித்துவிட்டாள். சின்ன வயதில் இந்த மாதிரி ஒரு புள்ளிக்காக என்னை நாள் முழுக்கப் பேசாமல் வதைத்தவள், இப்போது எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

“என்ன மச்சான், சொல்லுங்க. எட்ஜா, சைடா?”

“லெட்” என்றேன். “செல்லாது. திருப்பி ஆடணும்.”

“எதுக்கு?”

“வெளிய ஹாரன் சத்தம். ஆட்டத்துக்கு இடைஞ்சல்.”

நடுவராக நான் சொன்ன முதல் பொய் அது.

“எனக்குக் கேக்கலையே” என்றார். என்னையே சிறிது நேரம் பார்த்தார். மட்டையை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டுப் போய், அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“இனி வெளிய சத்தம் உள்ள வராது, உள்ள சத்தம் வெளிய போகாது. போடச் சொல்லுங்க மச்சான்.”

தங்கச்சி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே எறியாமல், என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.