கொசு விரட்டிய கை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எழுதியவன் நான்தான். போன வருஷம், கம்போடியாவில் பத்தம்பாங் பக்கத்து எங்கள் ஊர்க் கூட்டக் குறிப்பேட்டில், "வாய்க்கால் திட்டத்தை அனைவரும் ஏற்றனர்" என்று முத்துமுத்தாக எழுதினேன். யாரும் ஏற்கவில்லை ஐயா! யாரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று அதே விகாரை மண்டபத்தில் மறுபடி கூட்டம். திட்ட அதிகாரி நாரித் பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார். குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம்: போர் ஓய்ந்த மண்ணில் நம்பிக்கையின் விதை— (சீ, ஆண்டறிக்கை மாதிரி இருக்கு.)

வேறொன்று: போன வருஷம் அரிசி லாரி வந்த அன்று தாவி வீட்டுப் பானையில் வாழைத்தண்டுதான் வெந்தது. (இது இருக்கட்டும்.)

தாவி கணவனைப் போரில் இழந்தவள். இரண்டு பெண் குழந்தைகள். வாய்க்கால் வெட்டினால் நாளுக்கு மூன்று கிலோ அரிசி. ஆனால் வாய்க்காலுக்கு நாரித் கயிறு கட்டிக் குறித்த பாதை, அங்கார் கட்சியின் கொலைகார ஆட்சியில் எங்களை அடித்து வெட்டவைத்த அதே நேர்கோடு. நடுவில் மேடு. அதில் ஏறாத தண்ணீர் திரும்பிவந்து பள்ளத்து வயல்களை அழிக்கும். தாவி வயல் பள்ளத்தில்.

"வேற யோசனை இருந்தா கையைத் தூக்குங்க," என்றார் நாரித், போன வருஷக் கூட்டத்தில். நல்ல மனுஷன், வெளிநாட்டில் வளர்ந்தவர்.*

தாவி தூக்கினாள். காது வரைக்கும்தான். உடனே கொசு விரட்டுகிற மாதிரி ஆட்டிவிட்டு இறக்கினாள். நான் மட்டும் பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தப் பொய்யை எழுதினேன். மழைக்கு அவள் நாற்று முழுதும் அழுகிப்போச்சு.

(* அங்கார் கூட்டங்களிலும் இதையேதான் கேட்டார்கள். கை தூக்கியவர்கள் வீடு திரும்பவில்லை.)

3

இதோ, வாசலில் இந்த வருஷத்து லாரி. தூர்ந்துபோன அதே வாய்க்காலைத் தூர்வார வேண்டுமாம்.

"சும்மா இரு அக்கா," என்கிறாள் தாவியிடம் பக்கத்து வீட்டு ரொம். "வாயைத் திறந்தா லாரி திரும்பிடும்."

"திரும்பினா ஒரு மாசம் பட்டினி. கயிறு அங்கேயே இருந்தா வருஷா வருஷம் பட்டினிடி."

"அப்போ சொல்லித் தொலையேன்!"

"பயமா இருக்கே."

(தாவியைத் துணிச்சல்காரி ஆக்கப் பார்த்தேன். வரவில்லை.)

4

முடிவு ஒன்று: லாரி திரும்பிப் போகிறது, ஊரே தாவியைத் திட்டு—

முடிவு இரண்டு: நாரித் கயிற்றை அவிழ்த்து, "நீங்களே கட்டுங்கம்மா" என்று அவளிடம்—

இரு இரு. தாவி கையைத் தூக்கிவிட்டாள்! தலைக்கு மேலே, நேராக. இந்தக் கொசுக் கதையெல்லாம் இப்போது செல்லாது.

நாரித் பேச்சை நிறுத்திவிட்டார். "கயிறு தப்பா இருக்குங்க," என்கிறாள் தாவி.

"அப்படியா? வேற யாருக்கெல்லாம் அப்படித் தோணுது?"

ரொம் தரையைப் பார்க்கிறாள். தாவி என்னைப் பார்க்கிறாள். போன வருஷம் நான் பார்த்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எழுதுகிற கை வேண்டியிருக்கிறது. பேனாவைக் கீழே வை—