திறந்து கிடந்த கேட்

யாரபின்னாவில் பார்ப்பதற்கு அப்படியொன்றும் இல்லை. கூரை போன மதுக்கடை, தண்டவாளத்தைப் பிடுங்கிய பின்னும் நிற்கும் ரயில் மேடை, உப்புப்புதர்களுக்கு நடுவே ஒற்றைப் புகைபோக்கி. மழையை நம்பிக் கோதுமை விதைத்தவர்கள் கைவிட்டுப் போன ஊர். நோரீனின் கணவன் மெர்வ் இருந்தவரை ஞாயிறுதோறும் இப்படி ஏதாவதொரு பாழூருக்கு அவளைக் கூட்டிப் போவான். அவன் இறந்த பிறகு இதுதான் முதல் பயணம். இந்த முறை நோரீன் ஓட்டினாள். பக்கத்தில் அடிலெய்டிலிருந்து வந்திருந்த மெர்வின் தங்கை வெல்மா.

"இதைப் பாக்கவா எங்கண்ணன் ஆயுசு பூரா பெட்ரோல் ஊத்துனான்? ஒதுங்கக்கூட இடமில்லையே!"

"அந்தச் செவத்துக்குப் பின்னாடி போ. மெர்வ் அதைத்தான் ஸ்டார் ஹோட்டல் பாத்ரூம்னு சொல்லுவான்."

புகைபோக்கி நிழலில் சாண்ட்விச் தின்றார்கள். மெர்வ் வழக்கமாகப் பிளாஸ்க் வைக்கும் கல்லில் நோரீன் பிளாஸ்கை வைத்தாள். தேநீர் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில், ஆட்டு மந்தை மேயும் நிலத்தின் வேலிக் கேட்டைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் அதை இழுத்துச் சாத்திச் சங்கிலியை மாட்டிவிட்டு வந்தாள்.

"டிரைவரே எறங்கி கேட்டைச் சாத்துற அதிசயத்தை இங்கதான் பாக்குறேன்," என்றாள் வெல்மா.

நெடுஞ்சாலையோரக் கடையில் இறைச்சி பஃப்ஸ் வாங்கி உட்கார்ந்தபோது ரேடியோ வானிலை சொன்னது. நாளை நாற்பத்து நான்கு டிகிரி. நோரீனின் கையிலிருந்த பஃப்ஸ் தட்டில் விழுந்தது.

"வெல்மா, போகும்போது கேட்டைத் தெறக்க நீ எறங்குனியா?"

"நான் எதுக்கு எறங்கணும்? அது தெறந்துதானே கெடந்துச்சு. கம்பி போட்டு வேலியோட கட்டியிருந்தாங்களே."

திறந்திருந்ததைத் திறந்தபடி, மூடியிருந்ததை மூடியபடி விட்டுப் போக வேண்டும். அந்த வட்டாரத்தில் வளர்ந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விதி. நோரீன் இத்தனை வருடமும் பக்கத்து இருக்கைக்காரி. கேட் என்றால் அவள் வேலை. மெர்வை நினைத்துக்கொண்டே வந்ததில் கை தானாகக் கம்பியை அவிழ்த்துச் சாத்திவிட்டது. தண்ணீர் இறைக்கும் காற்றாலையும் தொட்டியும் கேட்டுக்கு இந்தப் பக்கம். மந்தை அந்தப் பக்கம், குடிக்க வழியில்லாமல்.

"நெலத்துக்காரருக்கு ஒரு போன் போட்டுப் பாரேன்."

"யாரோட மந்தைன்னே தெரியாது. ஏறு."

பஃப்ஸ் பாதியில் கிடந்தது. மண்சாலையில் வண்டி தூக்கிப் போட்டதில் வெல்மா தலையை இருமுறை கூரையில் இடித்துக்கொண்டாள். சூரியன் சாயும் நேரம். கேட்டுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக வெள்ளையாய் ஏதோ கிடந்தது. நோரீன் பிரேக்கை மிதித்தாள்.

"அதுக்குள்ளயா செத்திருக்கும்?"

"தீவனச் சாக்குடி அது," என்றாள் வெல்மா, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு.

சாக்குதான். அதற்கு அப்பால் கேட்டின்மேல் மூக்கை வைத்து ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. மூச்சு வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல். நோரீன் ஓடிப் போய்ச் சங்கிலியை இழுத்தாள். கழன்றதும் அவளை ஓரமாக இடித்துத் தள்ளிக்கொண்டு அத்தனையும் தொட்டியை நோக்கி ஓடின. பின்தங்கிய கிழட்டு ஆடொன்றுக்கும் தொட்டி விளிம்பில் இடம் கிடைப்பதைப் பார்த்த பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

கீழே கிடந்த கம்பியை எடுத்து, கேட்டை முன்போலவே வேலியோடு கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தாள்.

பிறகு வண்டிக்கு வந்து பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்தாள். உள்ளே வெல்மா.

"தாயே, எனக்கு லைசென்ஸே கெடையாது. மடியில உக்காந்துட்டு வரப் போறியா?"

நோரீன் கதவைப் பிடித்தபடியே சிரித்தாள். மெர்வ் போன பின் அவள் அப்படிச் சிரித்ததில்லை. சிரிப்பு அடங்கியதும் சுற்றிப் போய் ஸ்டியரிங் பக்கம் ஏறினாள். ஆடுகள் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் வண்டிவரை கேட்டது. அது தீரும்வரை அவள் சாவியைத் திருப்பவில்லை.