இடது பக்க பிரேக்

பிலோமின்ராஜ் காலையில் எழுந்ததும் நெற்றியில் சிலுவை போடுவார். அடுத்த நொடி போனை எடுத்து விபத்து தேடுவார். எங்கேயாவது ஒரு லாரி கவிழ்ந்திருக்கும், எவனாவது ஒருவன் பைக்கில் பஸ்ஸை முந்தப் பார்த்திருப்பான். அந்த வீடியோவைத் தன் டிரைவிங் ஸ்கூல் மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, அடியில் ‘பார்த்துப் படிங்க’ என்று எழுதுவார். ஐந்து நிமிஷத்துக்குள் நாலைந்து பேர் ‘சூப்பர் சார்’ என்று பதில் அனுப்பிவிடுவார்கள். ஒரு மனுஷன் ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் வீடியோவில் என்ன சூப்பரைக் கண்டார்கள் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை போனை எடுத்தபோது அவருடைய காரே செய்தியாக வந்திருந்தது. சென்னை பைபாஸில், சிறுகனூரைத் தாண்டி, எண்பதில் போகவேண்டிய இடத்தில் நூற்றிரண்டில் போயிருக்கிறது. தேதி, நேரம், வண்டி நம்பர் எல்லாம் சுத்தம். கூடவே அபராதமும், வேகக் கேமரா எடுத்த ஒரு படமும். காரின் நெற்றியில் ‘எல்’ போர்டு சிவப்பாகத் தெரிந்தது.

அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து தபால் வந்தது. பயிற்சி வண்டி இந்த வேகத்தில் போனது ஏன், ஓட்டியது யார், உங்கள் பயிற்சிப் பள்ளியின் லைசென்ஸை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று திங்கட்கிழமை நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

மன்னார்புரத்தில் இருபத்திரண்டு வருஷமாக அந்த ஸ்கூலை நடத்துகிறார். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். ‘என் ஸ்டூடண்ட் எவன் மேலயாவது ஒரு கேஸ் உண்டா, காட்டுங்க பார்ப்போம்’ என்று டீக்கடையில் மார்தட்டாத நாள் கிடையாது. இப்போது கேஸ் அவர் மேலேயே வந்து நிற்கிறது.

ஓட்டியது ஆனந்தவள்ளி. ஸ்ரீரங்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, மன்னார்புரத்தில் ஒரு ஆபீஸில் கிளார்க். தினமும் வேலை முடிந்ததும் வகுப்புக்கு வருவார். கணவர் ரங்கநாதனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் அவரை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டும். வீட்டில் கார் இருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. அதனால் அந்தம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டார். பதினான்கு நாள் ஊருக்குள் ஓட்டி, பதினைந்தாவது நாள் ஹைவே வகுப்பு. அன்றைக்குத்தான் படம் எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரமாக அவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. டெஸ்ட்டுக்கு எட்டு நாள்கூட இல்லை. பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று பிலோமின்ராஜ் விட்டுவிட்டார். பெண்கள் என்றால் ஹைவேயில் பயப்படுவார்கள் என்பது அவருடைய நீண்டநாள் ஆராய்ச்சி.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வீரமலையிடம் போய் உட்கார்ந்தார். வீரமலை தபாலை இரண்டு தடவை படித்தான்.

“அண்ணே, வண்டி ஓட்டுனது யாரு?”

“அந்தம்மாதான்.”

“அழுத்துனது யாரு?”

“அந்தம்மாதான்.”

“அப்புறம் என்ன? நீங்க ‘மெதுவா போங்க, மெதுவா போங்க’ன்னு கத்தியிருக்கீங்க. அவங்க கேக்கல. நான் எழுதித் தரேன், ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க.”

“நான் கத்தலையேப்பா.”

“கத்தலன்னு யாருண்ணே சொல்லப்போறா? அந்தம்மாவுக்கு எல்.எல்.ஆர். கேன்சலாகும், அவ்வளவுதான். மறுபடி போட்டுக்கலாம். உங்களுக்கு ஸ்கூல் போனா மறுபடி போடமுடியுமா?”

வீரமலையின் பேனா அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினார். அந்தச் செய்தி வந்ததிலிருந்து எங்கேயும் நாற்பதைத் தாண்டுவதில்லை. காவிரிப் பாலத்தில் பின்னால் வந்த டவுன் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி திட்டிவிட்டுப் போனான். வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டார். நான் என்ன கொலையா செய்தேன், ஆக்ஸிலரேட்டர் என் பக்கத்திலா இருக்கிறது, என் பக்கத்தில் இருப்பது கிளட்சும் பிரேக்கும்தானே என்று கேட்டுக்கொண்டார். பிரேக் என்ற சொல் வந்த இடத்தில் பேச்சு ஒவ்வொரு தடவையும் தட்டியது. அதை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

மேலூர் ரோட்டில் ஒரு சந்துக்குள் வீடு. வாசலில் காரைச் சாம்பல்நிற உறையால் மூடியிருந்தார்கள். அதன்மேல் வேப்பஞ்சருகு கிடந்தது. ரங்கநாதன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையைத் தூக்கி, “வாங்க” என்றார். வார்த்தை ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது.

“மேடம் இருக்காங்களா?”

“இருக்கா. ஒரு வாரமா... தூங்கறதில்ல.”

ஆனந்தவள்ளி அடுப்படியிலிருந்து வந்தார். முகம் இளைத்திருந்தது. பிலோமின்ராஜைப் பார்த்ததும் ஒரு எட்டு பின்னால் போனார், பிறகு வந்து தரையில் உட்கார்ந்தார். பிலோமின்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். செய்தி வந்தது, தபால் வந்தது, ஸ்கூலை மூடச் சொல்வார்கள் போலிருக்கிறது. கடைசியில் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

“ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம். படிச்சுப் பார்த்துட்டு...”

ஆனந்தவள்ளி படித்தார். ‘பயிற்சியாளர் பலமுறை எச்சரித்தும் கேளாமல் அதிவேகமாக ஓட்டினேன்’ என்ற வரியில் கண் நின்றது. பிலோமின்ராஜ் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சண்டைக்கு அவர் தயாராகத்தான் வந்திருந்தார். சொல்லவேண்டிய பதில்களையெல்லாம் பாலத்திலேயே கோத்து வைத்திருந்தார்.

“பேனா குடுங்க சார்.”

“மேடம்?”

“என்மேலதான் சார் தப்பு. இதுல எழுதியிருக்கறது கம்மி.”

அவர் கையெழுத்துப் போட்டார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “படம் வந்திருக்குன்னு சொன்னீங்களே சார், அத நான் பார்க்கலாமா?” என்று கேட்டார்.

பிலோமின்ராஜ் போனை நீட்டினார். அந்தப் படத்தை அவர் இருபது தடவையாவது பார்த்திருப்பார். நம்பர் தகடு சரிதானா என்று பார்த்தார், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது தான் இல்லை என்பது தெரிகிறதா என்று பார்த்தார். ஆனந்தவள்ளி இரண்டு விரலால் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினார்.

“இதோ, இவங்கதான் சார்.”

சாலையின் நடுத்தடுப்பு விட்டுப்போன இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் ஒரு பிள்ளையைப் பிடித்திருந்தாள். பிள்ளையின் ஒரு கால் தார் ரோட்டில் இருந்தது.

“யாரு இவங்க?”

“தெரியல சார். நீங்க லாரியத் தாண்டச் சொன்னீங்க, தாண்டிட்டேன். அப்ப இவங்க எறங்குனாங்க. பிரேக்கப் போடணும்னு தெரியுது சார், ஆனா எது பிரேக்குன்னு காலுக்குத் தெரியல. பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலரேட்டரையே அழுத்திட்டேன். அதான் அவ்வளவு வேகம். அந்தப் புள்ள என்னையவே பார்த்துச்சு சார். ஸ்டியரிங்க ஒடிச்சேன். எப்படித் தாண்டுனோம்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல.”

“நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே மேடம்.”

ஆனந்தவள்ளி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நீங்க பக்கத்துலதானே சார் இருந்தீங்க? வண்டி ஒரு வெட்டு வெட்டித் திரும்பினதும், ‘சூப்பர் மேடம், கன்ட்ரோல் வந்துருச்சு’ன்னு சொன்னீங்களே. நீங்க பார்த்துட்டுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். இவ்வளவு பக்கத்துல போறதுதான் டிரைவிங் போலிருக்குன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான் ஒடம்பு நடுங்க ஆரம்பிச்சுது.”

பிலோமின்ராஜ் போனை வாங்கி, படத்தின் மறுபக்கத்தைப் பெரிதாக்கினார். இடது சீட்டில் அவர் இருந்தார். தாடை நெஞ்சில் படிய, தலை குனிந்து, கையில் போனை வைத்துக்கொண்டு. முகத்தில் ஒரு இளிப்புகூட இருந்தது. படத்தில் தெரியாத ஒன்றும் அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குப் புழுக்கமாக இருந்ததால் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை மடித்து சீட்டின்மேல் வைத்திருந்தார். பிரேக் கீழே தனியாக இருந்தது.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. வயசான காலத்தில் இந்தக் கூடத்தில், அசைய முடியாத ஒரு மனுஷனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, தூக்கம் போன ஒரு பெண்ணிடம் பொய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறோமே என்று இருந்தது. எழுந்து, “வரேன் மேடம்” என்று மட்டும் சொன்னார். அந்தக் காகிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். மனசு உடைந்தாலும் கை தன் காரியத்தைப் பார்த்துக்கொள்கிறது.

திங்கட்கிழமை காலை வீரமலை கையெழுத்தைப் பார்த்து, “அப்புறம் என்னண்ணே, கெளம்புங்க, பத்து நிமிஷ வேலை” என்றான். பிலோமின்ராஜ் கிளம்பவில்லை. அவனிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தானே எழுதினார். ஆறு வரிதான். எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டு காகிதமும் ஒரே பையில் இருந்தன. எதை எடுக்கப் போகிறோம் என்று படி ஏறும்போதுகூட அவருக்கு நிச்சயமாகத் தெரியாது.

பிரேக் இன்ஸ்பெக்டர் பானுமதி அவருக்குப் பழக்கமானவர்தான். ஆறு வருஷமாக அவரிடம்தான் பிலோமின்ராஜின் மாணவர்கள் டெஸ்ட் கொடுக்கிறார்கள். ‘பிலோமின்ராஜ் ஆளா, எட்டுப் போடச் சொல்லுங்க, சரியாத்தான் இருக்கும்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

“வண்டிய ஓட்டுனது யாரு?”

பையில் விரலை விட்டார். நாலாக மடித்த தாள்தான் முதலில் தட்டுப்பட்டது. அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ஸ்டியரிங் என் ஸ்டூடண்ட் கையில இருந்துச்சு மேடம். லாரியத் தாண்டச் சொன்னது நான். பிரேக் எங்க ரெண்டு பேர் பக்கமும் இருந்துச்சு. அவங்க கால் பிரேக்கத் தேடுச்சு. என் கால் சீட்டு மேல இருந்துச்சு.”

பானுமதி தாளைப் படித்தார். படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரத்துப் பெண்ணையும் பிள்ளையையும் பார்த்ததும் ‘ச்சு’ என்று ஒரு சத்தம் வந்தது.

“போன்ல என்ன பார்த்துட்டிருந்தீங்க?”

இந்தக் கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“ஆக்ஸிடென்ட் வீடியோ மேடம். ஸ்டூடண்ட்ஸுக்கு அனுப்புறதுக்கு.”

பானுமதி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“இடது பக்கம் ஒரு பிரேக்க எதுக்கு வெச்சுக் குடுக்கறோம் பிலோமின்ராஜ்?”

பதிலை எதிர்பார்க்காமல் எழுதத் தொடங்கினார். அவருடைய டிரைவிங் லைசென்ஸ் மூன்று மாசத்துக்கு நிறுத்தம். விசாரணை முடியும்வரை ஸ்கூல் மூடியிருக்க வேண்டும். ஆனந்தவள்ளிக்கு எல்.எல்.ஆர். இருக்கட்டும், ஆனால் வேறு ஸ்கூலில் முதலிலிருந்து வகுப்பு முடித்துவிட்டுத்தான் டெஸ்ட்டுக்கு வரவேண்டும். பிலோமின்ராஜ் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கார் சாவியை அங்கேயே கொடுத்துவிட்டு டவுன் பஸ் ஏறினார்.

அன்று மாலை ஸ்ரீரங்கத்துக்கு போன் செய்தார். ஆனந்தவள்ளி எடுத்தார். அந்தக் காகிதத்தைக் கொடுக்கவில்லை என்று சொன்னார்.

“நீங்க குடுத்திருக்கலாம் சார்” என்றார் ஆனந்தவள்ளி. “என் மனசு ஆறியிருக்கும்.”

இவ்வளவு செய்தும் அந்தம்மாவின் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை என்பது பிலோமின்ராஜுக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணும் பிள்ளையும் எந்த ஊரோ, அவர்களைத் தேடிப்போய்ச் சொல்லவும் வழியில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் சிலுவை போட்டார், போனை எடுத்தார். லாரி ஒன்று எங்கோ கவிழ்ந்திருந்தது. அதை விட்டுவிட்டு, தன்னுடைய அந்தப் படத்தை எடுத்து மாணவர்கள் குரூப்பில் போட்டார். அடியில் நிதானமாக எழுதினார்: ‘இடது பக்கம் உட்கார்ந்திருப்பது நான். ரோட்டு நடுவில் நிற்கிற குழந்தையையும் பாருங்க. அது உயிரோடிருப்பதற்கு நான் காரணமில்லை. ஸ்கூல் மூடியாச்சு. பார்த்துப் படிங்க.’

அனுப்பிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. முதல் பதில் வந்தது.

‘சூப்பர் சார்.’